மின்கம்பிவழிக் கணினி வலையமைப்பு

ஒரு தொழிலுக்கென ஆக்கிய பொருளைப் பிறிதொரு தொழிலுக்கும் கொள்ளுதல் மக்களிடையே தொன்றுதொட்டு வரும் வழக்கம். வண்டி ஓடுவதற்கெனத் தாரிட்ட வீதியில் வன்னி உழவர் அறுவடைக் காலத்தில் நெல்லைப் பரப்பி உலர்த்துவர். வீதியை அமைத்தோர் நெல்லைக் கருதியவரல்லர். ஆயினும் வெயிலிற் சூடேறிய அச் சமதளம் நெல்லுக்கும் ஏற்றதாயிற்று. வீட்டுச் சுவர்களுள் விளக்குக்கும் விசிறிக்குமென ஓடும் செப்புக் கம்பிகளின் நிலையும் இதுவே. அக் கம்பிகளின் வழியே கணினிச் செய்திகளையும் செலுத்தி, வீடு முழுவதையும் ஒரு வலையமைப்பாக்கும் முறை 2001ஆம் ஆண்டு முதலாகப் பொதுமக்கள் பழக்கத்தில் இருந்து வருகின்றது. அது எவ்வாறு இயல்கின்றது, எவ்விடத்துப் பயன்படும், எவ்விடத்து ஏமாற்றும் என்பன, பணம் கொடுத்து வாங்குமுன் அறியத்தக்கன.

இணையம் வீட்டினுள் நுழையும் வாயில் பெரும்பாலும் முன்விறாந்தையை அடுத்த அறையே. தொலைபேசிக் கம்பியோ ஒளியிழையோ அங்கே வந்து முடிய, அதனைப் பகிர்ந்தளிக்கும் ரவுட்டரும் அங்கேயே வைக்கப்படும். படிக்கும் பிள்ளையின் மேசையோ பின்னறையிலோ மேல்மாடியிலோ இருக்கும். இடைப்பட்ட தொலைவைக் கடக்க வேண்டிய வைபை அலைக்குச் சுவரே பகை. சுண்ணாம்புக் கல்லால் எழுப்பிய யாழ்ப்பாணத்துப் பழைய நாற்சார் வீட்டுச் சுவர்கள் இரண்டு மூன்றைக் கடக்கும்போதும், இரும்புக் கம்பி பொதிந்த கொங்கிறீற்றுத் தளத்தைக் கடக்கும்போதும் அவ்வலை பெரிதும் மெலிந்து விடுகின்றது. தனியாக ஒரு கேபிளை அறைதோறும் இழுத்து விடுதல் எல்லாவற்றினும் சிறந்த வழி, இதில் ஐயமில்லை. ஆனால் அதற்குச் சுவரைத் துளைக்க வேண்டும். வாடகை வீடாயின் உரிமையாளர் இசைவது அரிது. இந்நிலையில், ஏற்கெனவே எல்லா அறைகளுக்கும் சென்றுள்ள ஒரே கம்பி மின்சாரக் கம்பியே என்பது நினைவுக்கு வருதல் இயல்பு.

ஒரே கம்பியில் மின்வலுவும் செய்தியும் ஒன்றோடொன்று மோதாது செல்வது எங்ஙனம்? இலங்கை வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ற் அழுத்தமும், செக்கனுக்கு 50 முறை மாறும் மீடிறனும் உடைய ஆடலோட்டமாகும். செய்தியைச் சுமக்கும் அலைகளோ ஏறத்தாழ 2 மெகாஹேர்ட்ஸ் முதல் 30 மெகாஹேர்ட்ஸ் வரையான மீடிறன் உடையவை. அதாவது, அவற்றுள் மிகத் தாழ்ந்ததுகூட மின்வலுவின் மீடிறனிலும் 40,000 மடங்கு உயர்ந்தது. இத்துணை வேறுபாடு உடையவற்றைப் பிரித்தெடுத்தல் எளிது. ஓர் கொள்ளளவி தன் வழியே செல்லும் ஆடலோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு மீடிறன் உயர உயரக் குறையும் என்பது உயர்தர வகுப்பு மாணவர் அறிந்ததே. 10 நனோபரட் கொள்ளளவி ஒன்றை எடுத்துக் கணக்கிட்டால், 50 ஹேர்ட்ஸில் அதன் எதிர்ப்பு 318,000 ஓம் அளவில் நிற்கின்றது. 5 மெகாஹேர்ட்ஸில் அதுவே 3 ஓமிற்குச் சிறிது மேற்பட்டதாகச் சுருங்குகின்றது. வீட்டு மின்சாரத்துக்கு அது அடைத்த கதவு. செய்திக்குத் திறந்த கதவு. ‘பவர்லைன் அடப்டர்’ என்னும் பெயரால் விற்கப்படும் சிறு பெட்டியினுள்ளே, செய்தியைக் கம்பியில் ஏற்றுவதும் கம்பியினின்று இறக்குவதும் இத்தகைய கொள்ளளவியும் அதனோடு சேர்ந்த ஒரு சிறு நிலைமாற்றியுமே.

இந்த எண்ணம் புதியதன்று. மின்வழங்கு நிலையங்கள் தம்முள் பேசிக்கொள்வதற்கு உயரழுத்தக் கம்பிகளையே தொலைபேசிக் கம்பிகளாகவும் கொள்ளும் வழக்கம் 1920களிலேயே பரவியிருந்தது. அமெரிக்கப் படைத்துறைப் பொறியியலாளர் ஜோர்ஜ் ஸ்குவயர் 1910 அளவில் ஒரே கம்பியிற் பல பேச்சுக்களை வெவ்வேறு மீடிறன்களிற் செலுத்தும் முறையை ஆராய்ந்தார். அம்முறையைக்கொண்டு வீடுகளுக்கு மின்கம்பி வழியே இசை வழங்குவதற்கென 1922இல் ஒரு கும்பனியும் தோன்றிற்று. வானொலி வந்து அதனை முந்திக்கொண்டது. மின்கம்பியை விட்டுத் தொலைபேசிக் கம்பிக்கு மாறிய அந்நிறுவனமே, 1934இல் ஸ்குவயர் சூட்டிய மியூசாக் என்னும் பெயரோடு, பிற்காலத்தில் கடைகளிலும் உணவகங்களிலும் பின்னணி இசை வழங்கிப் பெயர்பெற்றது. பின்னர் 1975இல் ஸ்கொட்லாந்திலுள்ள பிக்கோ என்னும் நிறுவனம், வீட்டு விளக்குகளைத் தொலைவிலிருந்து ஏற்றவும் அணைக்கவும் எக்ஸ்-10 என்னும் முறையை வகுத்தது. ஆடலோட்டம் சுழியத்தைக் கடக்கும் கணத்தில் கம்பியின் இரைச்சல் குறைந்திருக்கும் என்பதனால், அக்கணத்தில் மட்டும் 120 கிலோஹேர்ட்ஸ் துடிப்பொன்றை அனுப்புவது அதன் உபாயம். ஒரு பிற் செய்திக்கு மின்னோட்டத்தின் ஒரு முழுச் சுற்றுச் செலவாகும். விளக்கை அணைக்க அது போதும், கணினிக்குப் போதாது. பல நிறுவனங்கள் 2000இல் ஒன்றுகூடி அமைத்த ஹோம்பிளக் கூட்டமைப்பு 2001இல் வெளியிட்ட முதலாவது நியமம் செக்கனுக்கு 14 மெகாபிற் வேகத்தைக் குறித்தது. 2005இல் வந்த ஹோம்பிளக் ஏ.வி. 200 எனக் குறித்தது. 2012இன் இரண்டாம் ஏ.வி. நியமம் அதனையும் பன்மடங்கு கடந்தது.

இவ்வேகங்களை அடைவதற்கு நேர்ந்த இடர் கம்பியின் இயல்பிலேயே உள்ளது. கேபிள் செய்வோர் தம் கம்பியைச் சீராக முறுக்கி, இரு முனைகளிலும் அலை முழுதாக உறிஞ்சப்படுமாறு முடிப்பர். வீட்டு மின்கம்பியோ மரத்தின் கிளைபோலப் பிரிந்து பிரிந்து செல்வது. ஒவ்வொரு விளக்கு ஆளிக்கும் ஒரு கிளை. எதுவும் செருகாத ஒவ்வொரு பிளக் துளைக்கும் ஒரு கிளை. உயர்மீடிறன் அலை ஒவ்வொரு கிளையின் முடிவையும் சென்று முட்டி எதிரொலித்துத் திரும்புகின்றது. கம்பியில் அலை செல்லும் வேகம் ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு எனக் கொள்வோமாயின், 10 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் 20 மீற்றர். 5 மீற்றர் நீளமுள்ள வெறுங்கிளை ஒன்றிற்குள் நுழைந்து மீளும் அலை 10 மீற்றர் கூடுதலாக நடந்து, நேர்வழியில் வந்த அலைக்கு முற்றும் எதிர்நிலையில் வந்து சேரும். ஒன்று ஏறும்போது மற்றொன்று இறங்கும். இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். எனவே அந்த மீடிறன் ஒன்று மட்டும் அவ்வீட்டிற் செத்துவிட, அதனை அடுத்துள்ளவை நன்றாகவே செல்லும். வேறொரு வீட்டில் வேறொரு மீடிறன் சாகும். ஒரே வீட்டிலும் யாரேனும் ஒரு விளக்கை ஏற்றினால் நிலை மாறிவிடும்.

இரைச்சல் இன்னொரு பகை. கைபேசி மின்னேற்றிகள், மலிவான எல்.ஈ.டி. விளக்குகள், ஒளி குறைக்கும் ஆளிகள், மிக்சி, துளைபொறி ஆகிய யாவும் கம்பியில் உயர்மீடிறன் குப்பையைக் கொட்டுகின்றன. கூரைமேற் சூரியகலம் அமைத்த வீடுகளில் அதன் மாற்றிப் பெட்டியும் இவ்வரிசையிற் சேரும். இக்குப்பையிற் பெரும்பகுதி மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கத்தோடு சேர்ந்தே கூடிக் குறைகின்றது.

இவ்விடரைப் பெருவலுக்கொண்டு வெல்ல முயலாமல், கம்பியின் குணத்தை அறிந்து அதற்கேற்ப நடப்பதே இக்கால முறையின் நுட்பம். செய்தி முழுவதையும் ஒரே காவியலையின் முதுகில் ஏற்றாமல், நூற்றுக்கணக்கான காவியலைகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கின்றனர். ஹோம்பிளக் ஏ.வி. நியமத்தில் இவ்வாறான 1,155 காவியலைகள், ஒன்றுக்கொன்று 24.4 கிலோஹேர்ட்ஸ் இடைவெளியில் நிற்கின்றன. இரு பெட்டிகளும் முதலில் ஒவ்வோர் அலையையும் சோதிக்கின்றன. தெளிவாகச் செல்லும் அலைக்கு ஒரு தடவையிற் பத்துப் பிற் வரை சுமை, இரைச்சலில் மூழ்கியதற்கு ஒன்று, செத்ததற்கு ஒன்றுமில்லை. பல எருதுகள் பூட்டிய வண்டிக்காரன் கிழட்டு எருதின்மேல் இளங்காளையின் பாரத்தை வைக்காதது போன்றது இது. சோதனையும் ஒருமுறையோடு முடிவதில்லை. பெட்டிகள் வீட்டு மின்னோட்டத்தின் இரண்டு சுற்றுக்களை, அதாவது 40 மில்லிசெக்கனை, தம் நேர அளவையாகக் கொண்டு, அச்சுற்றின் எப்பகுதியில் இரைச்சல் மிகும், எப்பகுதியிற் குறையும் என்பதையும் அறிந்து சுமையை மாற்றிக்கொள்கின்றன. எதிரொலிக்கும் ஒரு மாற்று உண்டு. ஒவ்வொரு பங்குச் செய்தியும் 40.96 மைக்கிரோசெக்கன் நீடிக்கும், அதனோடு 5.56 மைக்கிரோசெக்கன் காவல் இடைவெளி ஒன்று சேர்க்கப்படும். முந்திய பங்கின் எதிரொலிகள் அவ்விடைவெளிக்குள் ஓய்ந்துவிட, அடுத்த பங்கு கலக்கமின்றி வந்து சேரும்.

பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணின் உண்மைப் பொருளை இவ்விவரங்களைக்கொண்டே கண்டறியலாம். வானொலி அன்பர்க்கு ஒதுக்கிய மீடிறன்களையும் பிறவற்றையும் விலக்கிய பின், வட அமெரிக்க ஒழுங்கின்படி எஞ்சுவன 917 காவியலைகள். ஒவ்வொன்றும் பத்துப் பிற் சுமந்தால் ஒரு பங்கில் 9,170 பிற். அதனை 46.52 மைக்கிரோசெக்கனால் வகுத்தால் கிடைப்பது செக்கனுக்கு 197 மெகாபிற். இதனையே முழுமையாக்கி ‘200’ என்றனர். ஆகவே அவ்வெண், ஒரு காவியலைகூடக் குறைபடாத ஒரு வீட்டுக்கு உரியது. அத்தகைய வீடு எவ்வூரிலும் இல்லை. இருந்தாலும், பிழை திருத்துவதற்கென இருபத்தொரு பங்கில் ஐந்து பங்கு கழிய, 150 மட்டுமே மிஞ்சும். மேலும், கம்பி ஒன்றே ஆதலின் ஒரு நேரத்தில் ஒரு பெட்டியே பேச இயலும். பெட்டிகள் நான்கானால் நான்கும் அந்த ஒரு வேகத்தையே தம்முட் பகிர்ந்துகொள்ள வேண்டும். இவ்வகைப் பெட்டி நல்ல சுற்றொன்றில் 80 மெகாபிற்றுக்கு ஏறுதலும், வேறொரு சுற்றில் 20க்கு இறங்குதலும் வியப்பன்று. ‘500’, ‘600’ என எழுதிய பெட்டிகள் சிலவற்றிற் கணினிக் கேபிள் செருகும் துளையோ 100 மெகாபிற் மட்டுமே கடத்தவல்லது. ஆறு வழிப் பெருந்தெருவின் முடிவில் ஒற்றையடிப் பாதை வைத்தாற்போன்ற இவ்வேலையை வணிகத் தந்திரம் என்பதன்றி வேறென்ன சொல்வது? ஆயினும் 20 மெகாபிற்றையும் எள்ளுதல் கூடாது. காணொளி வகுப்பொன்றுக்குச் சில மெகாபிற் போதும். வீட்டுக்குள் வரும் இணையமே 20 மெகாபிற் ஆயின், பின்னறைக்கு அதற்கு மேற் கொண்டுசெல்ல எதுவுமில்லை.

அமைக்கும் முறையில் முதலில் நினைவிற் கொள்ள வேண்டியது, செய்தி காகம் பறக்கும் நேர்வழியிற் செல்வதன்று, கம்பி செல்லும் வழியிற் செல்வது என்பதே. சுவரின் இருபக்கத்தும் முதுகோடு முதுகாக உள்ள இரு பிளக் துளைகள் வெவ்வேறு சுற்றைச் சேர்ந்தனவாயின், செய்தி பகிர்வுப் பெட்டி வரை சென்று, அங்குள்ள ஆளிகளையும் ரிப் சுவிச்சையும் தொட்டுத் திரும்ப வேண்டும். 1947 முதற் பிரித்தானியாவிற் பரவிய வளையச் சுற்று முறையில், ஒரு தளத்துத் துளைகள் பலவும் ஒரே வளையத்தில் அமைவதால் பணி எளிதாகும். மூன்று கட்ட மின்சாரம் பெறும் பெரிய வீடுகளில் முன்னறை ஒரு கட்டத்திலும் பின்னறை வேறொரு கட்டத்திலும் இருத்தல் கூடும். அப்போது ஒரு கட்டத்திலிருந்து மற்றொன்றுக்குச் செய்தி மெலிவாகக் கசிந்தே செல்லும். அதனை இணைக்கும் கருவி உண்டு. அதைப் பொருத்துவது தகுதிபெற்ற மின்வினைஞர் செய்ய வேண்டிய வேலை. தனி மானியுடன் தனி இணைப்புப் பெற்ற பின்வளவு வீட்டுக்கு இம்முறையை நம்பிப் பணம் செலவிடுதல் தகாது.

பெட்டியைச் சுவரிலுள்ள துளையில் நேரே செருகுதல் வேண்டும். இடிமின்னற் காப்புடைய நீட்டுப் பலகையிலோ யூ.பி.எஸ். கருவியிலோ செருகுவது, புதிதாய் வாங்கியவர் பலரும் செய்வது. அவற்றினுள்ளே உள்ள வடிகட்டிகள் உயர்மீடிறனை விழுங்குவதற்கென்றே வைக்கப்பட்டவை. குப்பையென அவை விழுங்குவதில் செய்தியும் அடங்கும். மின்னேற்றிகளைப் பெட்டிக்கு அருகில் வையாது, தொலைவிலுள்ள துளைக்கு மாற்றுதல் நன்று. பிந்திய பெட்டிகள் உயிர்க்கம்பி, நொதுமற் கம்பி ஆகியவற்றோடு புவிக்கம்பியையும் இரண்டாவது வழியாகக் கொண்டு வேகத்தைப் பெருக்குகின்றன. புவிக்கம்பி இழுக்காத பழைய வீடுகளிலும், இரு முள் இணைப்பின் வழியே செருகுமிடத்தும் அந்நன்மை கிட்டாது. புவிக்கம்பி இல்லாமை செய்திக்கு மட்டுமன்றி உயிருக்கும் கேடு என்பதால், அத்தகைய வீட்டார் வலையமைப்புக்கு முன்னர்க் கம்பியைச் சீர்ப்படுத்துவதே முறை.

வாங்கும்போது இரு பெட்டிகளும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தனவா எனப் பார்த்தல் அவசியம். ஹோம்பிளக் ஏ.வி. பெட்டியும் இரண்டாம் ஏ.வி. பெட்டியும் தம்முட் பேசும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்த ஜீ.எச்.என். என்னும் வேறு நியமத்துப் பெட்டியோடு அவை பேசமாட்டா. வாங்கியபின் முதலில் அருகருகே செருகி இணைத்துப் பார்த்து, அதன்பின் ஒன்றைப் பின்னறைக்குக் கொண்டுசெல்லல் நன்று. வேகத்தை அளக்க இணையத்தை நாடாமல், ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குப் பெரிய கோப்பொன்றைப் படியெடுத்து நேரத்தைக் குறித்தல் வேண்டும். இணையத்தின் தளர்ச்சி கம்பியின் குற்றமாக எண்ணப்படாது. பகலில் ஒருமுறையும், வீட்டு விளக்குகள் யாவும் எரியும் இரவில் ஒருமுறையும் அளந்தாலே உண்மை நிலை தெரியும். வேகம் போதாதாயின், பெட்டியை அவ்வறையிலேயே அடுத்த துளைக்கு மாற்றிப் பார்ப்பது பெரும்பாலும் பலன் தரும்.

கம்பி வீட்டு மதிலோடு முடிவதன்று என்பதையும் மறத்தலாகாது. தொடர்மாடி வீடுகளில் அயலவர் கம்பியும் ஒரே தண்டினின்று பிரிவதாகலின், ஒருவர் வீட்டுச் செய்தி மற்றவர் வீட்டுத் துளையில் மெலிவாகவேனும் தோன்றலாம். இதனைக் கருதியே ஏ.வி. நியமம் 128 பிற் நீளமுள்ள மறைகுறியாற் செய்தியைப் பூட்டுகின்றது. ஆனால் அம்மறைகுறிக்குத் தொழிற்சாலையில் இடும் தொடக்கச் சொல் யாவர்க்கும் பொதுவானது. அதனை மாற்றாது விடுதல், ஊரெல்லாம் ஒரே திறப்பு உள்ள பூட்டைத் தொங்கவிடுதல் போலாகும். ஒரு பெட்டியின் பொத்தானை அழுத்தி, இரண்டு நிமிடத்துக்குள் மற்றப் பெட்டியின் பொத்தானையும் அழுத்தினால் வீட்டுக்கெனத் தனிக்குறி ஒன்று உருவாகும்.

வீட்டுக் கம்பி செய்தியை அயலுக்குக் கடத்துவதோடு நில்லாமல், வானிலும் சிறிது பரப்புகின்றது. காப்பு உறையற்ற நீண்ட கம்பி எதுவும் ஓர் அலைபரப்பியே. 2 முதல் 30 மெகாஹேர்ட்ஸ் வரையான பரப்பு சிற்றலை வானொலிக்குரிய வீடு. ஆதலாலேயே வானொலி அன்பர்க்குரிய 7, 14 மெகாஹேர்ட்ஸ் முதலிய பகுதிகளைப் பெட்டிகள் விட்டுச் செல்லுமாறு விதித்தனர். வீட்டளவில் இது சிறு தொல்லை; ஊரளவில் அது பெருந்தொல்லையாயிற்று. இங்கிலாந்தின் மஞ்செஸ்ரர்ப் பகுதியில் நோர்வெப் மின்நிறுவனமும் நோர்ட்டெல் நிறுவனமும் தெருமின்கம்பி வழியே இணையம் வழங்க 1997இல் எடுத்த முயற்சி 1999இற் கைவிடப்பட்டது. தெருவிளக்குக் கம்பங்களே அலைபரப்பிகளாகி வானொலிக்கு இடையூறு செய்தன என்பது அக்காலத்து எழுந்த முறைப்பாடு. அமெரிக்காவின் வேர்ஜினியா மாநிலத்து மனாசஸ் நகரம் 2005இல் நகர் முழுவதற்கும் இச்சேவையைத் தொடங்கி, 2010இல் நிறுத்திற்று. தெருவில் தோற்ற முறை வீட்டினுள் நிலைத்ததற்குக் காரணம், வீட்டினுட் கடக்க வேண்டிய தொலைவு சில பத்து மீற்றரே என்பதாகும்.

இலங்கை நிலைமைக்குரிய இரண்டு செய்திகள் எஞ்சியுள்ளன. மின்வெட்டு நேரத்திற் கம்பி இருந்தும் பெட்டி இயங்காது. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின் நின்ற காலத்தில், ரவுட்டரை யூ.பி.எஸ். காத்தாலும் பின்னறைப் பெட்டியைக் காக்க அதனால் இயலாது. காக்கப் புகுந்தால் மேற்சொன்னவாறு செய்தியை விழுங்கும். ஆதலால் மின்வெட்டிலும் கணினி இயங்க வேண்டிய வீட்டில் கேபிளே தகும். மற்றொன்று இடிமின்னல். சுவரில் நேரே செருகிய பெட்டிக்கு இடைக்காப்பு எதுவுமின்மையால், மின்கம்பியில் வரும் பாய்ச்சல் அதனை எரிப்பதோடு, கேபிள் வழியே ரவுட்டரையும் கணினியையும் சென்று தாக்கும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் மாலையில் முகில் கறுத்து முழங்கத் தொடங்குமுன், பெட்டி இரண்டையும் சுவரினின்று கழற்றி, அவற்றிலிருந்து கணினிக்கும் ரவுட்டருக்கும் செல்லும் கேபிள்களையும் பிடுங்கி வைத்துவிடல் வேண்டும்.